பன்னிரண்டு மீட்டர் குறைவு

செப்டம்பர் 4

சீருடைப் பிரிவு எழுத்தர் அவர்களுக்கு,

பொருள்: கம்பளிக் கோட்டு வேண்டுதல்.

ஐயா என்று எழுதுவதா அம்மா என்று எழுதுவதா தெரியவில்லை. யாராக இருந்தாலும் வணக்கம்.

நான் மலைக் கிளைத் தபால்காரன். இங்கே முத்திரை குத்துபவனும் நானே, பை சுமப்பவனும் நானே, காலையில் வாசல் பெருக்குபவனும் நானே. போன மாதம் ஆய்வாளர் திடீரென்று வந்து நின்றார். நான் காக்கிச் சட்டைமேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு தபால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா இது, காய்ச்சல்காரன் மாதிரி?"

"குளிருது சார்."

"குளிருக்கெல்லாம் விதியில எடம் இல்லைய்யா."

சீருடையின் மேல் சீருடை அல்லாத எந்தத் துணியும் வெளியே தெரியக் கூடாதாம். மெமோ கொடுத்தார். இந்த மாதச் சலவைப்படி கட். மறுபடி பிடிபட்டால் தற்காலிக வேலை நீக்கம் என்று கடைசி வரியில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் எனக்கு வந்த முதல் மெமோ. எனக்கும் ரோஷம் இருக்கிறது. போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனிமேல் சீருடையில் என்ன உண்டோ அதைத்தான் போடுவேன். ஆகவே கோட்டு கொடுங்கள். டிசம்பருக்குள் வந்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
மலைக் கிளைத் தபால்காரன்

செப்டம்பர் 13

தபால்காரர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடை விதி பதினான்கின்படி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் அமைந்த அலுவலகங்களின் ஊழியருக்கு மட்டுமே கம்பளிக் கோட்டு வழங்கப்படும். பதிவேட்டின்படி தங்கள் அலுவலகம் ஆயிரத்து நானூற்று எண்பத்தெட்டு மீட்டரில் உள்ளது. பன்னிரண்டு மீட்டர் குறைவு. எனவே தாங்கள் சமவெளி ஊழியராகவே கருதப்படுவீர்கள். சமவெளி ஊழியருக்குரிய பருத்திச் சட்டை இரண்டு, கால்சட்டை இரண்டு, செருப்பு ஒரு ஜோடி, குடை ஒன்று ஆகியவை தங்களுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளன.

இத்துடன் கோப்பு முடிக்கப்படுகிறது.

சீருடைப் பிரிவு எழுத்தர்

பி.கு. இங்கே இருப்பது அம்மா.

செப்டம்பர் 21

அம்மா அவர்களுக்கு,

நல்லது. இத்தனை நாள் மலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சமவெளியில்தான் இருக்கிறேன் என்று தெரிவித்ததற்கு நன்றி. டிசம்பர் வந்ததும் தண்ணீர்க் குடத்தில் மேலே படிந்திருக்கும் பனிக்கட்டியை உடைக்கும்போது அதனிடமும் சொல்லிவிடுகிறேன்.

கோப்பை முடித்துவிட்டீர்கள், இருந்தாலும் இரண்டு விஷயம். நீங்கள் கொடுத்த குடை இங்கே ஒரே ஒரு நாள் குடையாக இருந்தது. இரண்டாம் நாள் காற்றில் பூவாக விரிந்து பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. அதை வழங்கப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என் அலுவலகம் பன்னிரண்டு மீட்டர் குறைவாக இருக்கலாம். என் தபால் பெட்டிகளில் ஒன்று மேலே சுரங்கக்காரர்கள் குடியிருப்பில் இருக்கிறது. அங்கே போக நூற்றிருபது மீட்டர் ஏற வேண்டும். தினமும் போகிறேன். அலுவலகம் குளிரில் நடப்பதில்லை அம்மா, நான்தான் நடக்கிறேன். கோட்டு கட்டடத்துக்கா, ஆளுக்கா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் என் பெயருக்கு வந்த கடிதம். பையில் பார்த்ததும் முகவரியை இரண்டு தடவை படித்தேன். பதினோரு வருஷமாக ஊரார் கதவையெல்லாம் தட்டுகிறேன், என் கதவைத் தட்ட ஆளில்லை. என்னைப் பெற்ற அம்மா போன பிறகு எனக்கு எழுதுவதற்கு யாரும் இல்லை. அதனால் முறைப்படியே செய்தேன். வெளியே போய், என் கதவை நானே தட்டி, "தபால்!" என்று சத்தம் போட்டு, உள்ளே வந்து வாங்கிக்கொண்டேன். பார்த்தவர்கள் யாரும் இல்லை, நல்ல வேளை.

மலைக் கிளைத் தபால்காரன்

அக்டோபர் 5

தபால்காரர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்துக்கு அலுவலகத் தாளில் பதில் எழுத முடியாது, கோப்பு எண் இல்லை. அதனால் என் சொந்தத் தாளில் எழுதுகிறேன். தபால் தலையும் என்னுடையது.

கோட்டு கட்டடத்துக்கா ஆளுக்கா என்று கேட்டீர்கள். இருபத்தாறு வருஷமாக இந்தப் பிரிவில் இருக்கிறேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேள்வியை மூன்று நாள் தலையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு கோப்பை மறுபடி திறந்தேன். தபால் பெட்டியின் உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ள வேண்டாம். இப்போதே அளவுகளை அனுப்பிவிடுங்கள்: மார்பு, தோள், முதுகு நடுவிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம். சரியாக எடுக்கவும். தப்பாக அனுப்பிவிட்டு என்னைக் குறை சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் இருப்பது தரைக்குக் கீழே உள்ள அறை. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் காக்கி. முந்நூறு சட்டை இருக்கிறது, உள்ளே ஆள் ஒருவர்கூட இல்லை. மேலே வேலை பார்ப்பவர்கள் எனக்குப் பித்தான் அம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஒரு பித்தான் குறைந்தாலும் விட மாட்டேன் என்பதால். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேலே போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் போவதில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அளவுகளை அனுப்பவும்.

சீருடைப் பிரிவு எழுத்தர்

அக்டோபர் 16

அம்மா அவர்களுக்கு,

மார்பு முப்பத்தாறு அங்குலம். தோள் பதினேழு. கை நீளம் நாற்பத்தொன்று.

கடைசி அளவுதான் உயிரை வாங்கிவிட்டது. முதுகு நடுவில் ஒருவர் பிடித்தால்தானே மணிக்கட்டில் இன்னொருவர் படிக்க முடியும்? இங்கே டேப் இல்லை, ஓர் அடி அளவுகோல்தான் இருக்கிறது; பிடிக்க ஆளும் இல்லை. பார்சல் கட்டும் நூலின் ஒரு முனையைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தி, முதுகைக் கதவில் ஒட்டி, கையை நீட்டி, நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டேன். இரண்டு தடவை கதவு திறந்துகொண்டது. மூன்றாவது தடவை தபால் தலை வாங்க வந்த கிழவர் கதவைத் தள்ளி, நான் குப்புற விழுந்தேன். "என்னப்பா, வேண்டுதலா?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அறையில் ஜன்னல் இல்லை என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. எனக்கு ஜன்னல் நான்கு இருக்கிறது, எதிலும் ஆள் தெரியாது. கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

மலைக் கிளைத் தபால்காரன்

நவம்பர் 6

தபால்காரர் அவர்களுக்கு,

மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. தபால் பெட்டி ஊழியர் அல்ல, எனவே அதன் உயரம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டே வரி. படித்தபோது உங்களுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்துவிட்டது.

ஆனாலும் கவலைப்பட வேண்டாம். பழைய இருப்பில் ஒரு கோட்டு கிடந்தது. நிறம், பித்தான், சின்னம் எல்லாம் விதிப்படிதான், எந்த ஆய்வாளரும் வாயைத் திறக்க முடியாது. இத்துடன் பார்சலில் வருகிறது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டாம். அதற்குப் படிவம் இல்லை. ஏன் என்றும் கேட்க வேண்டாம்.

மார்பை உங்கள் அளவுக்குப் பிடித்துவிட்டேன். கையைத் தொடவில்லை. நாற்பத்தோரு அங்குலக் கை உள்ள மனிதர் குனியாமலே செருப்பு வாரைக் கட்டலாம். கதவுதான் தப்பாக அளந்திருக்கிறது.

குளிரில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் மடித்து வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சீருடைப் பிரிவு எழுத்தர்

நவம்பர் 19

அக்கா,

இனிமேல் அம்மா என்று எழுத வரவில்லை. மன்னிக்கவும்.

தபால் பை கொண்டுவரும் ஜீப் டிரைவர் பார்சலைக் கொடுத்தார். பார்சலையும் முறைப்படி வெளியே கொண்டுபோய், கதவைத் தட்டித்தான் வாங்கினேன்.

கோட்டு என்றால் இதுதான் கோட்டு. போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். சுரங்கக்காரர் வீட்டுப் பெண்கள், "யாரு புது அதிகாரியா?" என்று எழுந்து நின்றுவிட்டார்கள். நான்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு. ஒருத்தி, "பைக்காரண்ணே, இப்பத்தான் ஆம்பளை மாதிரி இருக்கீங்க" என்றாள். இதுவரை எப்படி இருந்தேனாம், தெரியவில்லை.

கை மட்டும் ரொம்ப நீளம். ஒரு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறேன். பூச்சிக்குப் போடும் ரசகற்பூர உருண்டை வாசனை இன்னும் போகவில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. உள்பை வலது பக்கம் இருக்கிறதே, எங்கும் இப்படிப் பார்த்ததில்லை. இதைப் போட்டிருந்தவர் இடது கைக்காரராக இருக்க வேண்டும். பையின் ஓரம் கிழிந்து, யாரோ ரொம்பப் பொறுமையாகச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட், இரண்டு பேருக்கு. எந்த அண்ணனுடையதோ. அலுவலகச் சொத்தோடு வந்ததைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் தம்பி,
தபால்காரன்

டிசம்பர் 4

தம்பிக்கு,

டிக்கெட் அந்தப் பையிலேயே இருக்கட்டும்.

கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறியதை எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை நாலைந்து தடவை படித்தேன். இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறீர்களா? மழை பட்டால் எடையாகிவிடும், நிழலில் காய வைக்கவும். தோளில் பை வார் உரசும் இடம் முதலில் தேயும், உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அலமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். வழியில் காய்கறிக் கடைக்காரர், "என்னம்மா, இன்னைக்கு முகம் நல்லாருக்கு?" என்றார். "தம்பி கடிதம் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீடு வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். இன்னொன்றை எடுத்துக் கழுவி வைத்தேன், சும்மாதான்.

கோப்பை நான் மூட வேண்டும். இன்னும் மூடவில்லை.

அக்கா

ஜனவரி 8

அக்கா,

பாதை மூடிவிட்டது. போன வாரம்தான் கடைசி ஜீப். இனி பனி விலகும்வரை பையை நானே ஒன்பது கிலோமீட்டர் கீழே சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டும். நாளைக்குக் கிளம்புகிறேன்.

டிரைவர் போகும்போது ஒரு செய்தி சொன்னார். "அண்ணே, தலைமை ஆபீஸ்ல தணிக்கை வருதாம். சீருடைப் பிரிவுலதான் முதல்ல கை வைக்கப் போறாங்களாம். விதியை மீறி ஒரு பித்தான் குடுத்திருந்தாலும் ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பேச்சு."

நீங்கள் கையெழுத்து வேண்டாம் என்றபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்காக நீங்கள் இருபத்தாறு வருஷ வேலையைப் பணயம் வைத்திருக்கிறீர்கள். இருப்பில் ஒரு கோட்டு குறைகிறது என்று அவர்கள் கண்டுபிடித்தால் உங்களுக்கு என்ன ஆகும்? அந்த அறையில் ஜன்னல் இல்லாவிட்டாலும் அது உங்கள் அறை. என்னால் அது போகக் கூடாது.

அதனால் கோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். துலக்கி, காலரைச் சரி செய்து, டிக்கெட்டைப் பையில் வைத்து, பார்சல் கட்டி, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டேன். பதிவுத் தபால். கிடைத்ததும் அலமாரியில் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் ராஜா மாதிரி நடந்தேன், அது போதும்.

தம்பி

ஜனவரி 23

தம்பிக்கு,

பார்சல் வந்தது. முத்திரை ஒரு கீறல் இல்லாமல் வந்தது. துணி உறை மட்டும் ஈரமாகி உலர்ந்திருந்தது.

உங்களை யார் திருப்பி அனுப்பச் சொன்னது? தணிக்கை வந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார்கள், போய்விட்டார்கள். ஒரு பித்தான்கூடக் குறையவில்லை. டிரைவர் சொன்னார் என்று முடிவெடுத்தீர்களே, அக்காவைக் கேட்டீர்களா? அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்சலில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. மேஜைமேல் வைத்தது வைத்தபடியே இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. வேண்டாம் என்று தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு வலித்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உடனே பதில் எழுதவும். இந்தக் குளிரில் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள்?

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை. நர்ஸ் அம்மா எழுதுகிறார்கள். என் விரல்களில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், கை விரல் பத்தும் இருக்கிறது. கீழ் அலுவலகத்திலிருந்து இங்கே அனுப்பிவைத்த உங்கள் கடிதத்தையும் அவர்கள்தான் படித்துக் காட்டினார்கள்.

அடிவார மருத்துவமனையில் இருக்கிறேன். அன்றைக்குப் பாதி வழி வரை வெயில் இருந்தது. பிறகு காற்று திரும்பிவிட்டது. பாதை தெரியவில்லை, கால் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டேன். ஏற முடியவில்லை. பாறை ஓரம் உட்கார்ந்திருந்தேன். சாலை வேலைக்காரர்கள் வந்து தூக்கும்வரை எவ்வளவு நேரம் என்று தெரியாது. பையை மட்டும் மடியிலிருந்து விடவில்லையாம், பிடுங்கித்தான் எடுத்தார்களாம். அவர்களே தபாலைச் சேர்த்துவிட்டார்கள், நல்ல மனிதர்கள்.

பார்சலில் என்ன இருந்தது என்று நான் சொன்னதிலிருந்து டாக்டர் திட்டுகிறார். "ஏன்யா, பையில கம்பளிக் கோட்டை வெச்சுக்கிட்டு, சட்டையோட வெறச்சுப்போய் உக்காந்திருந்தியே, உனக்கு அறிவு இருக்கா?" நர்ஸ் அம்மாவும் இதை எழுதும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? அது பதிவு செய்த பார்சல். ரசீது போட்டாகிவிட்டது, அரக்கு வைத்தாகிவிட்டது. பெறுநர் நீங்கள். இன்னொருவர் பெயருக்குப் போகும் பார்சலைத் தபால்காரன் பிரிப்பானா? ஒரு தடவை முத்திரையில் கை வைத்தேன், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் கையை எடுத்துவிட்டேன். முத்திரை உடைந்து போய்ச் சேர்ந்தால் உங்களை அல்லவா கேள்வி கேட்பார்கள் என்று தோன்றியது.

இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். செருப்பு அளவு மாறும், உங்கள் பதிவேட்டில் திருத்திக்கொள்ளுங்கள். இனி மலை ஏறக் கூடாதாம். கீழ் அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தபால் தலை விற்கச் சொல்வார்கள் போல. அந்தக் கிழவருக்கு யார் தபால் தலை கொடுப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தள்ளிவிடவில்லை அக்கா. அதை மட்டும் நம்புங்கள். இங்கே வார்டில் எல்லாருக்கும் மாலையில் யாராவது வருகிறார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 6

தம்பி,

கடிதம் இன்று காலை வந்தது. மேல் மாடிக்குப் போய், எல்லாரும் பார்க்க உட்கார்ந்து அழுதேன். பித்தான் அம்மாவுக்கு அழக்கூடத் தெரியுமா என்று பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

நீ ஒரு மடையன். நீங்க, வாங்க எல்லாம் இனிமேல் கிடையாது.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தக் கோட்டு அலுவலகத்தினுடையது இல்லை. இருப்பில் அது என்றைக்கும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரருடையது. அவரும் தபால்காரர்தான், உயரமான மலை அலுவலகத்தில் இருந்தார். ஆமாம், இடது கைக்காரர். வலது பக்கம் பை வைத்துத் தைத்தது நான், கிழிந்தபோது ஒட்டுப் போட்டதும் நான். டிக்கெட் நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து ஏறிய பஸ்ஸினுடையது. மருத்துவமனைக்குப் போனோம், திரும்பும்போது நான் ஒரு டிக்கெட்தான் வாங்கினேன். ஊழியர் இறந்தால் கோட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நானே எழுத்தர், நானே விலை கட்டி, நானே ரசீது போட்டு என்னிடமே வாங்கிக்கொண்டேன். நீ உன் கதவை நீயே தட்டினாயே, அதே மாதிரிதான். ஒன்பது வருஷம் பெட்டியில் இருந்தது.

என்னுடையது என்று சொல்லியிருந்தால் விதி பேசும் நீ வாங்கியிருக்க மாட்டாய். அதனால் பழைய இருப்பு என்று எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய். அந்த ஒரு வரியை உண்மையாக எழுதியிருந்தால் உன் கால் விரல் இரண்டும் உன்னிடமே இருந்திருக்கும். இதை நினைக்காமல் இனி எனக்கு ஒரு நாள் விடியாது. நீ என்னைத் திட்டு. நர்ஸ் அம்மாவிடம் சொல்லியாவது திட்டு.

பார்சலை இன்றுதான் பிரித்தேன். காலரைச் சரியாகத்தான் மடித்து வைத்திருக்கிறாய். ரசகற்பூர வாசனை போய்விட்டது, அரக்கும் புகையும் வியர்வையுமாக வேறு வாசனை வந்திருக்கிறது. முகத்தைப் பதித்துக்கொண்டேன். ஒரு ஆள் போட்டிருந்த சட்டை என்று தெரிந்தது.

இந்தக் கோட்டை மறுபடி தபாலில் விட மாட்டேன், உன்னை நம்ப முடியாது. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை பஸ். பார்வையாளர் நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்காதே.

கை நீளத்தைச் சரி செய்ய வேண்டும். டேப் எடுத்து வருகிறேன். நீ சும்மா நின்றால் போதும், ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா